பொட்டு வைக்காத அறை

சென்ற மாதம், நான் வேலை பார்த்த ஆய்வு நிலையத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் நான் ஓய்வுபெறும் சமயத்தில் சேர்ந்தவர். தொட்டி அறையைக் காலி செய்கிறார்களாம். இனிமேல் உயிர்களை வைத்துச் சோதனை கிடையாது, எல்லாம் கருவியே சொல்லிவிடும் என்றார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார்.

"கதவுக்கு உள்பக்கம் ஒரு அட்டை ஒட்டியிருக்கு சார். 'இந்த அறையில் எந்தப் பொருளுக்கும் பொட்டு வைக்கக் கூடாது'ன்னு. கையெழுத்து உங்களோடது மாதிரி இருக்கு. இது எதாவது கொள்கையா?"

கொள்கையெல்லாம் இல்லை என்றேன். தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயமாகவும் அது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் முதலில் ஒரு மாலைப் பத்திரிகைக்கு ஆவடி, அம்பத்தூர் பக்கத்துச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். ரயில் மறியல், ஏரிக்கரை உடைப்பு, தொழிற்பேட்டையில் தீ. மூன்று வருடம். கண்ணால் பார்த்ததை முதல் வரியில் எழுது, காதால் கேட்டதை யார் சொன்னார் என்று சேர்த்து எழுது என்பதுதான் அங்கே கற்றது. பத்திரிகை நின்றுபோனது. கையில் விலங்கியல் பட்டம் இருந்தது. எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருந்த அந்தச் சிறிய ஆய்வு நிலையத்தில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். தற்காலிக வேலை. திருநின்றவூரில் வாடகை வீடு, காலையில் மின்சார ரயில், நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட நடை.

தொழிற்பேட்டையில் முலாம் பூசும் பட்டறைகள் பல இருந்தன. சைக்கிள் கைப்பிடி, கார் பம்பர், குழாய்த் திருகு எல்லாம் அங்கே குரோமியமும் நிக்கலும் பூசி மினுக்கப்பட்டன. பூசியது போக மிஞ்சிய தண்ணீரில் அந்த உலோகங்கள் கொஞ்சம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு. அந்த அளவு கடலோர உயிர்களை என்ன செய்கிறது என்று பார்த்துச் சொல்வது தொட்டி அறையின் வேலை. அரசு அலுவலகம் கழிவுநீரை முத்திரையிட்டு அனுப்பும். நாங்கள் அதைச் சுத்தமான கடல்நீரில் வெவ்வேறு அளவில் கலந்து, அதில் பொடி இறால்களை விட்டு, நான்கு நாள் கவனிப்போம்.

பொடி இறால் என்றால் உணவுக்கு விற்கும் இறால் இல்லை. கடலோரத்தில் சின்னதாக இருக்கும் இறால் எல்லாவற்றையும் மீனவர்கள் சென்னாகுனி என்றே சொல்வார்கள். எங்களுக்கு வேண்டியது அவர்கள் அப்படிச் சொல்லும் கூட்டத்தில் ஒரு இனம். ஒரு சென்டிமீட்டர் நீளம். உடல் கண்ணாடி. தண்ணீரில் விட்டால் இரண்டு கறுப்புக் கண்கள் மட்டும் நகர்வது தெரியும். பெண் இறாலுக்கு நெஞ்சுக்கடியில் ஒரு பை உண்டு, குஞ்சுகள் அதில்தான் வளரும். பெரிய மீன்களின் குஞ்சுகளுக்கு இதுதான் சாப்பாடு. இது போனால் கழிமுகத்தில் மற்றவையும் போகும்.

தொட்டி அறைக்குப் பொறுப்பாளர் டாக்டர் கமலவேணி. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர். அப்பா தென்கோடியிலிருந்து அங்கே வேலைக்கு வந்தவர். ஆலைச் சங்குக்கு எழுந்து, சங்குக்குச் சாப்பிட்டு, சங்குக்குப் படித்ததாக ஒருமுறை சொன்னார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அறைக்குள் வருவதற்கு முன் வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வாசலில் இருந்த பிளாஸ்டிக் டப்பாவில் போடுவார். எங்களையும் போடச் சொல்வார். உள்ளே ஒரு இரும்பு ஆணிகூடக் கிடையாது. கண்ணாடி ஜாடிகள் ஒரு நாள் முழுக்க நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறும், பிறகு காய்ச்சி வடித்த வாலைநீரில் மூன்று முறை அலசப்படும். அலசிய ஜாடியின் உட்புறம் விரல் படக் கூடாது. பட்டால் மறுபடியும் அமிலம், மறுபடியும் ஒரு நாள்.

எத்தனை செத்தது என்று அவர் கேட்க மாட்டார். எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கேட்பார். முதல் வாரத்தில் நான் ஒரு ஜாடியில் மூன்று செத்துவிட்டதாக எழுதினேன். அவர் ஜாடிக்குப் பின்னால் கறுப்புக் காகிதத்தை வைத்துப் பார்த்தார்.

"இது சட்டை. இதுவும் சட்டை. இந்த ஒண்ணுதான் செத்தது."

இறால் வளரும்போது பாம்பைப்போல் சட்டை உரிக்கும். உரித்த சட்டையில் கால், மீசை, வால் எல்லாம் அப்படியே இருக்கும். உரித்த இறால் மூலையில் சோர்ந்து கிடக்கும். அந்தச் சில மணி நேரம்தான் அதன் உடம்பு இளகியிருக்கும். உலோகம் சுலபமாக உள்ளே போவதும் அப்போதுதான். பல இறால்கள் பாதி உரித்த சட்டைக்குள் சிக்கியே சாகும்.

"செத்தத எண்ணப் போனா சட்டையையும் சேத்து எண்ணிடுவீங்க தணிகாசலம். உயிரோட இருக்கறத எண்ணுங்க. அது நகரும், ஏமாத்தாது."

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. எதைப் பார்த்தாலும் வாயால் சொல்வதற்கு முன் பதிவேட்டில் எழுத வேண்டும். தவறாக எழுதினால் அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். அடித்ததும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். பத்திரிகையிலிருந்து வந்தவனுக்கு இது பிடித்துப்போனது.

இறால்களைக் கொண்டுவருபவர் ஏழுமலை. வடக்கே கழிமுகத்தோரம் குடியிருந்தார். நாற்பது வயது இருக்கும். வலையில் விழுந்ததை ஒரு பிளாஸ்டிக் குடத்தில் விட்டு, வாயில் ஈரத்துணி கட்டி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி அம்பத்தூரில் இறங்குவார். குடத்தை எப்போதும் மடியில் வைத்திருப்பார், தரையில் வைத்தால் வண்டி அதிர்ச்சியில் இறால் அடிபடும் என்று. அதை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்துக்குச் சற்று முன்பு ஏழுமலை அரசு அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்தார். விடியும் நேரத்தில் ஒரு டேங்கர் லாரி வந்து கழிமுகத்தில் மஞ்சள் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போகிறது, அன்றிலிருந்து அந்தத் துறையில் சென்னாகுனி இல்லை என்பது மனு. லாரியின் எண்ணைக் குறித்துவைத்திருந்தார். அது எங்கள் தொழிற்பேட்டையில் ஒரு முலாம் பட்டறைக்கு ஓடும் லாரி. அதிகாரி முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பட்டறையின் கழிவுத் தொட்டியிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் எடுத்து முத்திரையிட்டு எங்களுக்கு அனுப்பினார். அதற்கு மறுநாளே பட்டறைக்காரர்கள் தொட்டியை வழித்துக் கழுவிவிட்டார்கள். ஆக, ஏழுமலையின் மனுவுக்கு இருந்த ஒரே சாட்சி எங்கள் அலமாரியில் இருந்த அந்த இரண்டு கேன்கள். எங்கள் விதிப்படி அந்தத் தண்ணீர் எடுத்துப் பத்து நாளுக்குள் சோதனை தொடங்கியாக வேண்டும். அதற்குமேல் அது செல்லாது.

தண்ணீர் எடுத்த மூன்றாவது நாள் ஆயுதபூஜை.

தொழிற்பேட்டையில் ஆயுதபூஜை என்றால் தெரியும். லேத்து, கம்ப்ரசர், லாரி, தராசு, தட்டச்சு இயந்திரம், எதற்கும் விலக்கில்லை. தெருவெங்கும் உடைத்த பூசணிக்காய். எங்கள் நிலையத்திலும் பொரியும் சுண்டலும் உண்டு. வெளிக்கூடத்தில் பூஜை முடிந்தது. கமலவேணி மேடம் பொரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். தொட்டி அறைக்குள் நான் போனேன். அமிலத்தில் ஊறி, அலசி, மறுநாளைக்குத் தயாராகப் பன்னிரண்டு ஜாடிகள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது, நாளை வேலை செய்யப்போகிற இவற்றுக்கு மட்டும் இல்லையே என்று பட்டது. கையில் சந்தனமும் குங்குமமும் கொஞ்சம்தான் மிச்சம். முதல் இரண்டு ஜாடிகளுக்கு, விளிம்பை ஒட்டி வெளிப்புறமாக, தலா ஒரு பொட்டு வைத்தேன். கும்பிட்டேன். விளக்கை அணைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. எது தொடங்கினாலும் நல்ல நாள். பட்டறை சார்பில் வந்திருந்த கோதண்டமும் அதையே சொன்னார்.

கோதண்டம் அங்கே ஷிப்டு சூப்பர்வைசர். வெள்ளானூர்க்காரர். அவருடைய அப்பா ஏரிப்பாசனத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். இவர் பதினெட்டு வயதில் முலாம் தொட்டிக்கு வந்தார். விரல் கணுக்களில் வட்ட வட்டமாகக் குழிப்புண்கள், ஆறி ஆறித் திறந்தவை. குரோமியத் தொட்டியில் கை வைப்பவர்களுக்கு வரும் புண். ஒவ்வொரு நாள் எண்ணிக்கையிலும் பட்டறையின் ஆள் கூட இருந்து கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அவர் பதிவேட்டின் புதிய பக்கத்தில் முதலில் பிள்ளையார் சுழி போட்டார். மேடம் அதன் கீழே தேதியை எழுதினார்.

சோதனை தொடங்கும் முன் பொட்டுகளை நான் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். துடைத்த ஜாடியை மறுபடி அமிலத்தில் போட்டால் ஒரு நாள் போய்விடும், நல்ல நாளும் போய்விடும். வெளிப்புறம்தானே என்று நினைத்தேன். ஒன்று, இரண்டு ஜாடிகளில் வெறும் கடல்நீர். மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஐந்து அளவுகளில் கழிவுநீர் கலந்த கடல்நீர், அளவுக்கு இரண்டு ஜாடி. ஏழுமலை அன்று காலை கொண்டுவந்த குடத்திலிருந்து ஜாடிக்குப் பத்து இறால். ஒவ்வொன்றிலும் காற்றுக் குழாய்.

வெறும் கடல்நீர் ஜாடிகள்தான் சோதனையின் தராசு முள். இருபது இறாலில் இரண்டு செத்தால் பொறுக்கலாம். மூன்றாவது செத்தால் மொத்தச் சோதனையும் செல்லாது. நல்ல தண்ணீரிலேயே சாகிறது என்றால் கெட்ட தண்ணீரில் செத்ததற்கு என்ன அர்த்தம்?

முதல் நாள் ஒன்றாம் ஜாடியில் ஒன்பது உயிர். இரண்டாம் நாள் காலை, ஒன்றாம் ஜாடியில் ஐந்து, இரண்டாம் ஜாடியில் எட்டு. செத்தவை பால்போல் வெளுத்துத் தரையில் கிடந்தன. நான் கறுப்புக் காகிதத்தை வைத்து மூன்று முறை எண்ணினேன். சட்டை இல்லை.

அந்த நேரம் பார்த்து ஏழுமலை காலிக் குடத்தை எடுத்துப்போக வந்து வாசலில் நின்றார். கோதண்டம் ஜாடியைப் பார்த்தார், ஏழுமலையைப் பார்த்தார்.

"இன்னா நைனா, நல்ல தண்ணிலயே பொட்டு பொட்டுனு போவுது? உங்காளு பொணத்த எட்தாந்து உட்டுக்கீறான்."

"யாருபா பொணம்?" ஏழுமலை உள்ளே வந்துவிட்டார். "மடில வெச்சிகினு வந்தேன்யா. கொயந்தய மாரி எட்தாந்தேன்."

"பெட்டிசன் போட்டது நீ. இறாலு குடுக்கறதும் நீ. அத்த எண்ணி எங்களுக்குப் பூட்டு போடணும். சோக்கா கீதுபா உன் கணக்கு."

"பூட்டு போடச் சொல்லி எங்கயாச்சும் எய்தினனா? கொட்டாதன்னுதான எய்தினேன்!"

"சாவக் கெடந்தத பொறுக்கினு வந்துட்டு வாய் வேற."

ஏழுமலை மேடத்தைப் பார்த்தார். அவர் பதிவேட்டில் எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "சோதனை செல்லாது. காரணம் தெரியல. காரணம் தெரியற வரைக்கும் நீங்க இறால் கொண்டுவர வேண்டாம் ஏழுமலை." கோதண்டம் தானும் ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்றார். அது அவருக்கு உள்ள உரிமை. மேடம் பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். 'பிராணிகளைக் கொண்டுவந்தவர் மனுதாரர். வேண்டுமென்றே நோயுற்றவற்றைக் கொடுத்ததாகச் சந்தேகம்' என்று கோதண்டம் நிறுத்தி நிதானமாக எழுதிக் கையெழுத்திட்டார்.

"இன்னா எய்தினான் சார்?" என்று ஏழுமலை என்னிடம் கேட்டார். படித்துக் காட்டினேன். அவர் வெளியே போனார். குடத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

மாலையில் மேடம் பெரிய தொட்டியின் முன் நின்றுகொண்டிருந்தார். ஏழுமலையின் குடத்தில் மிஞ்சிய இறால்களை அதில் விட்டிருந்தோம். நூற்றுக்கும் மேல்.

"இதெல்லாம் எப்படி இருக்கு?"

"எல்லாம் உயிரோட இருக்கு மேடம்."

"அதே குடம். அதே கடல்தண்ணி. அப்ப குறை இறால்ல இல்ல, தண்ணிலயும் இல்ல. ஜாடியப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

ஒன்றாம் ஜாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஜாடியின் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள் மயிரிழை அளவில் ஒரு சிவப்புக் கோடு. காற்றுக் குழாயிலிருந்து வரும் குமிழிகள் வெடித்து விளிம்பை நனைத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. நனைந்தது உட்பக்கமாக வழிந்திருக்கிறது. கண்ணாடியில் அந்தத் தடம் லேசான ரோஜா நிறத்தில் காய்ந்திருந்தது. இரண்டாம் ஜாடியிலும் இருந்தது, கொஞ்சம் குறைவாக.

அமிலத் தொட்டி என் இடது கைப்பக்கம் இரண்டடி தூரத்தில் இருந்தது. ஜாடியை அதில் இறக்குவது என் அன்றாட வேலை. இறக்கியிருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் அந்த மாதம்தான் மேடத்தின் கையெழுத்துக்குப் போயிருந்தது. வீட்டில் மனைவிக்கு ஏழு மாதம். இதையெல்லாம் நினைத்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கைக்கடிகாரம் வாசலில் டப்பாவில் இருந்தது. காலிக் குடம் சுவரோரம் இருந்தது, வாயில் கட்டிய துணி காய்ந்து விறைத்திருந்தது.

ஜாடியை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன்.

"மேடம், ஒரு விஷயம்..."

"எங்கிட்ட சொல்லாதீங்க. முதல்ல எழுதுங்க."

திரும்பிப் போய் எழுதினேன். ஆயுதபூஜையன்று மாலை ஒன்று, இரண்டு ஜாடிகளின் விளிம்பில் சந்தனமும் குங்குமமும் வைத்தது நான். மறுநாள் ஈரத்துணியால் துடைத்ததைத் தவிர வேறு சுத்தம் செய்யவில்லை. விளிம்பு மடிப்பில் சிவப்பு எச்சம் காணப்பட்டது. மூன்று வாக்கியம். நான் பத்திரிகைக்கு அனுப்பியதிலேயே சுருக்கமான செய்தியைவிட அது சுருக்கம்.

அவர் படித்தார். கீழே ஒரு வரி எழுதினார்: 'அறையைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ள வேண்டியது என் பொறுப்பு. செய்யவில்லை.' கையெழுத்திட்டார். அதைப்பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். பிறகு கேட்டார்:

"குங்குமம்னு முடிவே பண்ணிட்டீங்களா? சந்தனமா இருந்தா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. நான்கு புதிய ஜாடிகள் எடுத்தோம். ஒன்றின் விளிம்பில் சந்தனம், ஒன்றில் விபூதி, ஒன்றில் குங்குமம், ஒன்றில் எதுவுமில்லை. பெரிய தொட்டியிலிருந்து ஜாடிக்குப் பத்து. இரண்டு நாள். சந்தனத்தில் ஒன்பது உயிர். விபூதியில் பத்து. ஒன்றுமில்லாததில் பத்து. குங்குமத்தில் நான்கு.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமம் அல்ல அது. கடையில் பாக்கெட்டில் வாங்கியது, கண்ணைப் பறிக்கிற சிவப்பு. பின்னால் அதை ஒரு கல்லூரியின் கருவியில் கொடுத்துப் பார்த்தபோது ஈயம் இருந்தது தெரியவந்தது. சாயத்துக்காகச் சேர்த்திருப்பார்கள். மனிதன் நெற்றியில் வைத்து மாலையில் கழுவிவிடுகிற அளவு. ஒரு சென்டிமீட்டர் உயிருக்கு அது வேறு அளவு.

அந்த எண்ணிக்கைக்குக் கோதண்டத்தையும் கூப்பிட்டிருந்தோம். நான் எழுதியதைப் படித்தார். குங்கும ஜாடியின் முன் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"சாமி குங்குமத்தயா குத்தம் சொல்ற நைனா?"

"அது நெத்திக்குன்னு வந்தது. ஜாடிக்கு வெச்சது நான்."

அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். பார்த்ததைத்தான் எழுதுகிறேன், அதற்குமேல் அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, ஏழுமலையைப் பற்றி எழுதியிருந்த வரியில் ஒரே ஒரு கோடு போட்டுச் சுருக்கொப்பம் இட்டார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். அடுத்த இறாலை அவரே கண்ணால் பார்த்து எடுத்துவர வேண்டும். எட்டாம் நாள் ஆகியிருந்தது. இன்னும் இரண்டே நாள்.

மறுநாள் முதல் வண்டியில் நானும் கோதண்டமும் கழிமுகத்துக்குப் போனோம். ஏழுமலை கரையில் வலை உதறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டார். அந்த முதுகிடம்தான் நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, துடைத்தது, சிவப்புக் கோடு, நான்கு ஜாடி. முடியும்வரை அவர் உதறுவதை நிறுத்தவில்லை.

"அப்ப சாமி கும்ட்டு சாவட்ச்சிட்ட."

"ஆமா."

"அத்த உங்க நோட்டுல எய்திட்டியா?"

"எழுதிட்டேன். என் பேர் போட்டு."

"இவுரு எய்தினது?"

"கோடு போட்டாச்சுபா" என்றார் கோதண்டம். "கோடு மேல கோடு போட வுடல அந்தம்மா. ஒண்ணே ஒண்ணுதான்."

ஏழுமலை திரும்பினார். "இப்ப இன்னாத்துக்கு வந்தே? நான் நல்லதா புட்ச்சாலும் நோஞ்சானும்பே."

"அதான் நானே பாத்து எட்னு போலாம்னு."

"பாத்து இன்னா? எறங்கு. நீயே புடி."

கோதண்டம் கால்சட்டையைத் தொடைவரை மடித்துவிட்டு இறங்கினார். இரண்டாவது அடியிலேயே சேறு முழங்காலை விழுங்கியது. ஏழுமலை சிரிக்கவில்லை. ஆனால் வலையின் மறுமுனையைப் பிடித்தார். "அண்ணாத்தே, வலய தூக்காத, இஸ்து வா. மெதுவா. அது இன்னா பம்பரா?" லாரி கொட்டிய துறையில் மூன்று முறை இழுத்தார்கள். வலையில் பாசி, இரண்டு நண்டுக் குஞ்சு. ஏழுமலை காலி வலையைக் கோதண்டத்தின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். பிறகு அரை மைல் வடக்கே நடந்து இன்னொரு துறையில் இறங்கினார்கள். அங்கே முதல் இழுப்பிலேயே வலையின் அடி முழுக்கக் கறுப்புப் புள்ளிகள் துள்ளின. உப்புநீர் பட்டு விரல் புண் எரிந்ததால் கோதண்டம் கையை உதறியபடியே அவற்றை, ஏழுமலை விட்டுப்போன, நாங்கள் கொண்டுவந்திருந்த குடத்தில் விட்டார். சோதனைக்கு அப்பாற்பட்டு நான் அன்று பார்த்தது இது. பதிவேட்டில் இதற்குக் கட்டம் இல்லை. இருந்தும் எழுதினேன்.

வண்டியில் குடம் கோதண்டத்தின் மடியில் இருந்தது. எதிர் இருக்கையில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, வெறுந்தண்ணிய பொத்திகினு போற?"

"உள்ள கீது மாமே. கண்ணு தெரியும் பாரு."

அவர் குனிந்து பார்த்தார். "ஒண்ணியும் காணோம்" என்று நிமிர்ந்தார். கோதண்டம் அம்பத்தூர்வரை அவருக்குக் கண்களைக் காட்டிக்கொண்டே வந்தார்.

பத்தாம் நாள் காலை இரண்டாவது கேனின் முத்திரையை உடைத்தோம். இந்த முறை சாவி மேடத்தின் இடுப்பில். நான்கு நாள் எண்ணிக்கையின் விவரம் அறிக்கையில் இருக்கிறது, இங்கே வேண்டாம். கழிவுநீர் மிகக் குறைவாகக் கலந்த ஜாடிகளில் இறால்கள் முதலில் இரை எடுப்பதை நிறுத்தின, பிறகு நேராக நிற்க முடியாமல் பக்கவாட்டில் சுழன்றன. சட்டை உரிக்கத் தொடங்கியவை பாதியில் நின்றன. அதிகமாகக் கலந்த ஜாடிகளில் இரண்டாம் நாள் எண்ணுவதற்கே ஒன்றும் இல்லை. கோதண்டம் ஒவ்வொரு நாளும் கையெழுத்திட்டார். ஒருநாளும் ஒன்றும் வாதாடவில்லை.

ஒன்று, இரண்டு ஜாடிகளில் நான்காம் நாள் இருபதும் உயிரோடு இருந்தன. இரண்டு பெண் இறால்கள் குஞ்சு விட்டிருந்தன. நல்ல தண்ணீரில்தான் அது நடக்கும்.

அறிக்கை போனது. சுத்திகரிப்புத் தொட்டி கட்டும்வரை பட்டறை கழிவை வெளியே அனுப்பக் கூடாது என்று உத்தரவு வந்தது. அந்த லாரி நின்றது. கழிமுகம் திருந்திவிட்டது என்று எழுதினால் அது நான் பார்த்ததாக இருக்காது. அடுத்த வருடங்களில் வேறு லாரிகள், வேறு நிறத் தண்ணீர், வேறு மனுக்கள் வந்தன. அந்தத் துறையில் மறுபடி சென்னாகுனி விழுந்ததாக ஏழுமலை இரண்டு வருடம் கழித்துச் சொன்னார். அதை அவர் சொன்னதாகவே எழுதுகிறேன். என் வேலை நிரந்தரமானது, நான்கு மாதம் தாமதமாக. கதவில் அந்த அட்டையை எழுதி ஒட்டியது சோதனை முடிந்த வாரம். அடுத்த ஆயுதபூஜையிலிருந்து எங்கள் அறைக்கு மட்டும் வெளிச்சுவரில், கதவிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு பொட்டு.

கடைசி எண்ணிக்கையன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சோதனை முடிந்ததும் உயிரோடு இருப்பவற்றையும் சேர்த்துச் சாக்கடையில் ஊற்றிவிடுவது எங்கள் வழக்கம். அத்தனை வருடத்தில் அதை யாரும் கேள்வி கேட்டதில்லை. அன்று ஏழுமலை தன் பழைய குடத்தை எடுத்துப்போக வந்திருந்தார். கோதண்டம் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். நான் ஒன்றாம் ஜாடியைத் தூக்கிக்கொண்டு கழுவும் தொட்டியடிக்குப் போனேன்.

"சார், அத்த இன்னா பண்ணப் போற?"

சொன்னேன்.

"பொயச்சிகினு கீதே. அத்த ஏன் ஊத்தற? எங்கிட்ட குடு. எங்கூருதுங்க. நான் எட்னு போய் உட்டுர்றேன்."

மேடத்தைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். இரண்டு ஜாடிகளையும் குடத்தில் சாய்த்தேன். ஏழுமலை குனிந்து பார்த்தார்.

"இருவதா?"

"இருபது. அப்புறம் குஞ்சுங்க. அத எண்ண முடியல."

"குட்டி போட்டுக்கீதா?" என்று கோதண்டம் எழுந்து வந்தார். ஈரத்துணியை எடுத்து, குடத்தின் வாயில் அவரே கட்டினார். விரல் புண் இடித்ததால் முடிச்சு சரியாக விழவில்லை. ஏழுமலை அதை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு கிளம்பினார்.

பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் இரண்டே சொற்கள்தான் எழுத முடியும்: 'இறந்தது' அல்லது 'அப்புறப்படுத்தப்பட்டது'. நான் இரண்டாவதை எழுதினேன். பிறகு அதில் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் எழுதினேன்: 'கொண்டுவந்தவரிடம் உயிருடன் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. இருபதும், எண்ண முடியாத குஞ்சுகளும்.'

மேடம் படித்துவிட்டுச் சுருக்கொப்பம் இட்டார்.